லினக்ஸில் வீட்டு வைஃபை: பழுதைக் கண்டறிவதும் பாதுகாப்பதும்

"வைஃபை வரவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் குறைந்தது ஐந்து வகைப் பழுதுகள் அடங்கியிருக்கின்றன. வைஃபை அட்டையையே கணினி அறியாமல் இருக்கலாம். அறிந்திருந்தும் அட்டை அணைக்கப்பட்டிருக்கலாம். ரூட்டரோடு இணைய முடியாமல் இருக்கலாம். இணைந்த பிறகு ஐபி முகவரி கிடைக்காமல் போகலாம். முகவரியும் கிடைத்து, தளங்களின் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். திரையில் இவை எல்லாமே ஒரே மாதிரி, திறக்காத இணையப் பக்கமாகத்தான் தெரியும். பழுது எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் கண்டுகொள்ளாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால், சரியாக இருந்தவற்றையும் கெடுத்துக்கொண்டு, எது எதனால் வந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாமல் திண்டாட நேரும்.

இக்கட்டுரை உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா போன்ற, நெட்வொர்க் மேனேஜர் என்னும் நிரலைப் பயன்படுத்தும் லினக்ஸ் வகைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சிட வேண்டும். நிர்வாகி உரிமை கேட்கும் கட்டளைகளுக்கு முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டும் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே.

முதலில் மூன்று பிங்

கணினியைத் தொடுவதற்கு முன், அதே வைஃபையில் ஒரு கைப்பேசி இணையத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கைப்பேசியிலும் வரவில்லையென்றால் பழுது ரூட்டரிலோ வெளியே இருந்து வரும் இணைப்பிலோ இருக்கிறது. லினக்ஸில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

கைப்பேசியில் வந்து கணினியில் மட்டும் வராவிட்டால், முனையத்தைத் திறந்து 'ஐபி ரூட்' என்று கொடுங்கள். 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரியில் உள்ள எண், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும்; அதுவே உங்கள் ரூட்டரின் முகவரி. இனி மூன்று முறை பிங் (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள்: முதலில் ரூட்டரின் முகவரிக்கு, அடுத்து 1.1.1.1 என்னும் வெளி முகவரிக்கு, கடைசியாக ஏதேனும் ஒரு தளத்தின் பெயருக்கு. முதலாவதே பதில் தராவிட்டால் பழுது உங்கள் கணினிக்கும் ரூட்டருக்கும் இடையில் இருக்கிறது. முதலாவது பதில் தந்து இரண்டாவது தராவிட்டால் ரூட்டருக்கு அப்பால். இரண்டும் பதில் தந்து பெயர் மட்டும் தோற்றுப்போனால் அது டிஎன்எஸ் பழுது. ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இச்சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பெருமளவு குறைத்துவிடுகிறது.

டிஎன்எஸ் பழுது என்று தெரிந்தால், 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்னும் கட்டளை, கணினி இப்போது எந்த டிஎன்எஸ் சேவையகத்தைக் கேட்கிறது என்று காட்டும். வைஃபை அமைப்புகளில் ஐபிவி4 பகுதிக்குச் சென்று, தானியங்கி டிஎன்எஸ்ஸை நிறுத்திவிட்டு, 1.1.1.1 அல்லது 9.9.9.9 என்று எழுதி, இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் போதும். மூன்று பிங்கும் பதில் தருகின்றன, ஆனாலும் எந்தத் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை இல்லாமல் திறக்கவில்லை என்றால், கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டில் உள்ள சிறு பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் தேதியில் தளங்களின் சான்றிதழ்கள் எவையும் செல்லுபடியாகா. வைஃபைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையென்றாலும், வைஃபை பழுது என்றுதான் இது நம்மிடம் வந்து சேரும்.

ரூட்டரே பதில் தராதபோது

'ஐபி அட்ரஸ்' என்று கொடுத்து, 'டபிள்யூஎல்' என்ற எழுத்துகளில் தொடங்கும் இடைமுகத்தைத் தேடுங்கள். அதில் முகவரி இல்லாவிட்டாலோ, 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தாலோ, ரூட்டரின் டிஹெச்சிபி சேவை முகவரி வழங்கவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டாலே இது பெரும்பாலும் சரியாகிவிடும். இணைப்பே ஏற்படவில்லையென்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு நேரே 'யெஸ்' என்று இருந்தால் மென்பொருள் அணைத்திருக்கிறது. 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்ற கட்டளை அதை விடுவிக்கும். 'ஹார்டு பிளாக்டு' என்பதற்கு நேரே 'யெஸ்' என்று இருந்தால் எந்தக் கட்டளையாலும் பயனில்லை. மடிக்கணினியின் ஓரத்தில் உள்ள சிறு சுவிட்சையோ, விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையையோ தேட வேண்டும்.

இடைமுகமே பட்டியலில் இல்லையென்றால், அட்டைக்கு உரிய டிரைவரோ (அட்டையை இயக்கும் நிரல்) ஃபர்ம்வேரோ (அட்டைக்குள் ஏற்றப்படும் நிரல்) இல்லை. 'எல்எஸ்பிசிஐ' என்பதோடு ஒரு சிறுகோடும் 'என்என்கே' என்ற எழுத்துகளும் சேர்த்துக் கொடுத்தால், அட்டையின் பெயரும், அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியும் வரும். யூஎஸ்பியில் செருகும் அடாப்டராக இருந்தால் 'எல்எஸ்யூஎஸ்பி'. டிரைவர் வரி இல்லாமல் அட்டையின் பெயர் மட்டும் தெரிந்தால் டிரைவர் குறைபாடு. டிரைவர் இருந்தும் வேலை செய்யாவிட்டால், 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியிலேயே தேவையான கோப்பின் பெயரும் இருக்கும்.

டெபியன் பயன்படுத்துவோரை இந்த ஃபர்ம்வேர் சிக்கல் நெடுங்காலம் வாட்டியது. கட்டற்ற உரிமத்தில் இல்லாத ஃபர்ம்வேர் கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையால், இன்டெல் அட்டை உள்ள மடிக்கணினியில் டெபியனை நிறுவியவர் வைஃபை இல்லாமல் நிற்க நேரிட்டது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பின் மூலம் இக்கொள்கையைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல், தேவையான ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே வருகிறது. கட்டற்ற மென்பொருளில் பற்றுள்ளவர்களுக்கு இது எளிதான முடிவாக இருந்திருக்காது. ஆனால் புதிதாக லினக்ஸுக்கு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதால், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பிராட்காம் அட்டை வைத்திருப்போருக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. அவற்றுள் சிலவற்றின் டிரைவர், லினக்ஸின் மைய நிரலான கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் உங்கள் கணினியிலேயே புதிதாகத் தொகுக்கப்பட வேண்டியது. புதிய கெர்னலுக்கு உரிய ஹெடர் பொதி (தொகுப்புக்கு வேண்டிய கோப்புகள்) நிறுவப்படாமல் இருந்தால் தொகுப்பு தோற்றுவிடும். நேற்றுவரை ஓடிய வைஃபை, அப்டேட் முடிந்து கணினியை மறுதொடக்கம் செய்ததும் காணாமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம். கணினி துவங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போனால் வைஃபை திரும்ப வரும்; அங்கிருந்து ஹெடரை நிறுவிக்கொள்ளலாம். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கையொப்பமிடப்படாத டிரைவரை கெர்னல் ஏற்க மறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைஃபையே இல்லாதபோது இவற்றையெல்லாம் எப்படித் தரவிறக்குவது? ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து, கைப்பேசியில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும்; தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

வருகிறது, ஆனால் நிற்பதில்லை

முற்றிலும் வராத வைஃபையைவிட, விட்டுவிட்டு வரும் வைஃபைதான் அதிகப் பொறுமையைக் கேட்கிறது. இங்கே கண்ணால் பார்த்து முடிவுக்கு வராமல் எண்களைப் பார்க்க வேண்டும். 'ஐடபிள்யூ டெவ்', அடுத்து இடைமுகத்தின் பெயர், அடுத்து 'லிங்க்' என்று கொடுத்தால், சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அலகில் எதிர்ம எண்ணாக வரும். −50 மிக நன்று. −67 வரை காணொளி அழைப்புக்குப் போதும். −75ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். என் வீட்டில் ரூட்டரைக் கூடத்தில் இரும்புப் பீரோவின் பின்புறம் சுவரில் பொருத்தியிருந்தார்கள். படுக்கையறையில் −78 காட்டியது. ரூட்டரைப் பீரோவுக்கு மேலே, கதவு நிலைக்கு நேராக மாற்றிய பிறகு அதே இடத்தில் −61 ஆனது. பார்வைக்குச் சிறிய மாற்றமாகத் தெரியும் அந்த 17 டெசிபல், ஆற்றலில் ஏறத்தாழ 50 மடங்கு. இரும்பு, கண்ணாடியின் பின்புறப் பூச்சு, தண்ணீர் ஆகிய மூன்றும் வைஃபை அலைகளுக்குப் பெரும் தடை. பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவற்றின் பின்னால் ரூட்டரை வைக்காதீர்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் அறுபட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது அட்டையின் மின்சேமிப்பு முறை. சில அட்டைகள் மின்சாரத்தைச் சேமிக்க அடிக்கடி உறங்கிவிடும்; விழிப்பதில் தாமதமாகி, ரூட்டருக்கான பிங் நேரமே 2, 3 மில்லி விநாடியிலிருந்து பல நூறுக்குத் தாவும். 'ஐடபிள்யூ டெவ்', இடைமுகத்தின் பெயர், 'செட் பவர்_சேவ் ஆஃப்' என்ற கட்டளை இதைத் தற்காலிகமாக நிறுத்தும். இதனால் பலன் தெரிந்தால், நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்பின் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பை 2 என்று வைத்து நிரந்தரமாக்கலாம். முதலில் தற்காலிகமாகச் சோதித்து, பலன் உறுதியான பிறகே நிரந்தரமாக்குங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்' என்று கொடுத்தால், சுற்றுவட்டாரத்தில் யார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று தெரியும். 6இல் பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள் என்பதற்காக 4ஐத் தேர்ந்தெடுப்பது தவறு. ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கேட்டு, முறைவைத்துப் பேசும். பாதி மட்டும் மேற்பொருந்தும் சேனலில் இருப்பவற்றுக்கு மற்றதன் பேச்சு புரியாமல் வெறும் இரைச்சலாகவே விழும். கைப்பேசியில் தெரியும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் கணினியில் தெரியவில்லையென்றால், பழைய மடிக்கணினிகளின் அட்டைகள் பலவற்றில் அந்த வசதியே இல்லை என்பதை 'ஐடபிள்யூ லிஸ்ட்' மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். வசதி இருந்தும் தெரியவில்லையென்றால், 'ஐடபிள்யூ ரெக் கெட்' காட்டும் நாட்டுக் குறியீடு 00 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது பொதுவான, கட்டுப்பாடு மிகுந்த நிலை. உங்கள் நாட்டின் குறியீட்டை 'ஐடபிள்யூ ரெக் செட்' மூலம் தர வேண்டும்.

இன்னொரு காரணத்தைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. வெளிவட்டில் காப்பு நகல் எடுக்கும்போதெல்லாம் என் கணினியில் வைஃபை விழுந்துகொண்டிருந்தது. யூஎஸ்பி 3 கருவிகளும் அவற்றின் கம்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை வெளியிடும் என்பதை, இன்டெல் நிறுவனம் 2012இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. என் வைஃபை அடாப்டர், வட்டைச் செருகியிருந்த துளைக்கு அடுத்த துளையில் இருந்தது. ஓர் அடி நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி அடாப்டரைத் தள்ளி வைத்ததும் சிக்கல் தீர்ந்தது.

எதுவும் பிடிபடாதபோது 'ஜர்னல்சிடிஎல்' பதிவில் 'டிஸ்கனெக்டட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் 'லோக்கலி_ஜெனரேட்டட்=1' என்று இருந்தால் இணைப்பை அறுத்தது உங்கள் கணினி; இல்லையென்றால் ரூட்டர். 'ரீசன்=15' என்று வந்தால் பெரும்பாலும் கடவுச்சொல் தவறு.

பத்து இலக்கப் பூட்டு

இணைப்பு நிலைத்த பிறகு பெரும்பாலோர் அதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இணைப்புப் போட்டுக் கொடுத்த ஊழியர், வைஃபை கடவுச்சொல்லாக என் கைப்பேசி எண்ணையே வைத்துவிட்டுப் போனார். மறக்காது என்று காரணமும் சொன்னார். நம் ஊரில் இது பரவலான வழக்கம் என்பதால், இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

டபிள்யூபிஏ2 என்னும் வைஃபை குறியாக்க முறையில், ஒரு கருவி வைஃபையில் சேரும்போது நடக்கும் கைகுலுக்கலை (கருவியும் ரூட்டரும் ஒன்றையொன்று சரிபார்க்கும் பரிமாற்றத்தை) அருகில் இருக்கும் எவரும் காற்றிலிருந்து பதிவு செய்துகொள்ளலாம். பிறகு அவர் தம் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு கடவுச்சொல்லாக அந்தப் பதிவோடு பொருத்திப் பார்க்கலாம். உங்கள் ரூட்டருக்கு இதில் எதுவும் தெரியவராது. கருவி எதுவும் சேரும்வரை காத்திருக்காமலேயே, பல ரூட்டர்களிடமிருந்து இதற்குத் தேவையான தரவைக் கேட்டு வாங்கலாம் என்பது 2018இல் வெளிப்பட்டது. இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கங்கள். ஆகவே மொத்தம் 400 கோடி எண்கள். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை விநாடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொற்களைச் சோதிக்கும். 400 கோடியை முடிக்க 4,000 விநாடிகள். அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எண் உங்களுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாறாக, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஐந்து சொற்களை எடுத்துக் கோத்தால், அதே அட்டைக்கு எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஆண்டுகள் ஆகும். முருங்கை, தபால், ஏணி, நீலம், சல்லடை என்பதுபோல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கோத்துக்கொண்டால், வீட்டில் பெரியவர்களும் எளிதில் நினைவில் வைப்பார்கள். பழமொழி, பாட்டின் முதல் வரி, குலதெய்வத்தின் பெயர் ஆகியவை வேண்டாம்; சொற்களை நாமே யோசித்துத் தேர்ந்தெடுத்தால் அவை அறியாமலே தொடர்புடையவையாகிவிடும் என்பதால், பகடைக்கோ ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடிப் பிரிப்பதற்கோ அந்தத் தேர்வை விட்டுவிடுங்கள். கடவுச்சொல்லின் நீளம் 8 முதல் 63 எழுத்துகள்வரை இருக்கலாம். வைஃபையின் பெயரையும் மாற்றுங்கள். கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்கும் கணக்கில் அந்தப் பெயரும் கலக்கப்படுகிறது. பல்லாயிரம் வீடுகளில் உள்ள பொதுப் பெயர்களுக்கு அக்கணக்கை முன்கூட்டியே செய்து வைத்திருப்பவர்கள் உண்டு.

கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பக்கவாசல் இருக்கிறது. அதன் பெயர் டபிள்யூபிஎஸ். எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொண்டு கருவிகளைச் சேர்க்கும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. மேலும், முதல் நான்கு இலக்கம் சரியா தவறா என்பதை ரூட்டர் தனியாகவே சொல்லிவிடுகிறது. ஆகவே முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். இதை ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் 2011 டிசம்பரில் வெளியிட்டார். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டபிள்யூபிஎஸ்ஸை இன்றே அணைத்துவிடுங்கள்.

குறியாக்க முறையை டபிள்யூபிஏ3 என்றோ, பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2-டபிள்யூபிஏ3 கலப்பு என்றோ வையுங்கள். டபிள்யூபிஏ3இல் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும். பதிவு செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து உடைக்கும் வழி அடைபடுகிறது. கலப்பு முறையில் டபிள்யூபிஏ2வழி சேரும் கருவிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், நீளமான கடவுச்சொல் அங்கும் தேவை. டபிள்யூஇபி என்ற முறையை மட்டும் எக்காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். 2007இலேயே அதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

அதே நிர்வாகப் பக்கத்தின் நுழைவுச் சொல்லையும் மாற்றுங்கள். ரூட்டரின் அடியில் அச்சிட்டதையோ 'அட்மின்' என்பதையோ விட்டுவைக்கக் கூடாது. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், ஆலை வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்தே பெரும்படை திரட்டியது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், கருவிகள் ரூட்டரில் தாமே வாசல் திறக்க விடும் யூபிஎன்பியையும் அணையுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்திருந்தால் நிறுவுங்கள். விருந்தினருக்கும், ஸ்மார்ட் டிவி, கேமரா போன்றவற்றுக்கும் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனியே கொடுங்கள்.

வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதும், கருவியின் வைஃபை அட்டைக்கு உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைக் கொண்டு வடிகட்டுவதும் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள், நான் பரிந்துரைப்பதில்லை. மறைத்த பெயரைத் தேடி, உங்கள் மடிக்கணினி போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டே இருக்கும். மேக் முகவரியோ குறியாக்கம் இல்லாமல் காற்றில் போவது. அதைக் கேட்டுத் தனதாக்கிக்கொள்ள லினக்ஸில் ஒரே வரி போதும்.

கணினியின் பக்கம் செய்ய வேண்டியவை குறைவு. 'எஸ்எஸ்' என்பதோடு சிறுகோடும் 'டியூஎல்பிஎன்' என்ற எழுத்துகளும் சேர்த்துக் கொடுத்து, வெளியாருக்குக் காதுகொடுத்துக்கொண்டிருக்கும் சேவைகளைப் பார்த்து, தேவையற்றவற்றை நிறுத்துங்கள். உபுண்டுவில் 'யூஎஃப்டபிள்யூ எனேபிள்' போதுமான தடுப்பரண் தரும். புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2017இல் பாதுகாப்பு ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் வெளியிட்ட, டபிள்யூபிஏ2இன் குறையைப் பயன்படுத்தும் கிராக் தாக்குதல், வைஃபை இணைப்பை நடத்தும் டபிள்யூபிஏ_சப்ளிகன்ட் நிரலின் 2.4ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் இருந்த லினக்ஸ் கணினிகளைத்தான் மிகக் கடுமையாகத் தாக்கக்கூடியதாக இருந்தது. குறியாக்கச் சாவியை முழுவதும் சுழியங்களாகவே மாற்றிவிட முடிந்தது. திருத்தம் விரைவிலேயே வந்தது. நிறுவியவர்களுக்கு மட்டும் பயன்பட்டது.

வீட்டு வலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, 'என்மேப்' நிறுவி, சிறுகோடு 'எஸ்என்' சேர்த்து, 192.168.1.0/24 என்று உங்கள் வலையின் முகவரியைக் கொடுங்கள். வரும் ஒவ்வொரு கருவியையும் வீட்டில் உள்ள ஒரு பொருளோடு பொருத்திப் பாருங்கள். இன்றைய கைப்பேசிகள் ஒவ்வொரு வலைக்கும் புனைந்த மேக் முகவரியைக் காட்டுவதால், அறியாத முகவரியைக் கண்டதும் பதற வேண்டாம்; வீட்டாரின் கைப்பேசிகளில் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்து மீண்டும் பாருங்கள். கடைசிவரை பொருந்தாத ஒன்று எஞ்சினால், கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

மாற்றும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறுந்துபோகும் என்பதால், அனைவரும் வீட்டில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் பழைய இணைப்பின் விவரம் தங்கியிருந்து திரும்பத் திரும்பப் பழைய கடவுச்சொல்லையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். 'என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் டெலீட்' என்பதோடு இணைப்பின் பெயரைச் சேர்த்து அதை நீக்கிவிடுங்கள். புதிதாக இணைக்கும்போது கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதினால் அது முனையத்தின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். 'என்எம்சிஎல்ஐ' என்பதை அடுத்து இரட்டைச் சிறுகோடும் 'ஆஸ்க்' என்பதும் சேர்த்து, பிறகு 'டிவைஸ் வைஃபை கனெக்ட்' என்று வைஃபையின் பெயரைக் கொடுத்தால், அது கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.